சுடரில் பிறக்கும் குளிர்

நெருப்பும் குளிரும் ஒன்றுக்கொன்று பகை என்றே உலகோர் கூறுவர். நபி இபுறாஹீம் (அலை) அவர்களுக்கு நெருப்பு குளிர்ந்ததை முஃஜிஸா என்று நம்புகிறோம். அஃது இறைவனின் தனியாணையால் நிகழ்ந்தது. ஆயினும், படைப்பின் வழக்கமான நியதிக்குள்ளும் நெருப்பைக் கொண்டே குளிரை உண்டாக்கும் வழியொன்றை அவன் வைத்திருக்கிறான். 1922 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முண்டெர்ஸ் என்னும் இருவர் அவ்வழியை ஒரு பெட்டிக்குள் அமைத்துக் காட்டினர்.

அப்பெட்டியில் மோட்டார் இல்லை, இரைச்சலும் இல்லை. நீரில் கரைந்த அமோனியாவைச் சிறு சுடரொன்று அடியிலிருந்து சூடாக்குகிறது. ஆவியாகி மேலேறும் அமோனியா, வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் ஹைட்ரஜன் நிறைந்த குழாயினுள் இறங்கி மீண்டும் ஆவியாகும்போது, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. இறுதியில் நீரிலேயே கலந்து சுடரிடம் திரும்புகிறது. இந்த அமோனியா நமக்கு அந்நியமானதன்று. அதனைத் தரும் உப்பை அரபியில் நுஷாதிர் என்பர். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்கள் அதனைப் பேசுகின்றன. தமிழில் அதுவே நவச்சாரம். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் வெண்பொருள்.

அமெரிக்காவில் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகள் பலவற்றில் இவ்வகைப் பெட்டியே இருக்கிறது. மின்கம்பி எட்டாத காட்டிலும் ஒரு புரோபேன் சிலிண்டரும் ஒரு பேட்டரியும் இருந்தால் அது இயங்கும். 2022 ஆம் ஆண்டுக் கோடையில், நம் தமக்கையாருடனும் அவர் மகனுடனும் அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் நகரையடுத்த பைன் காட்டில் அத்தகைய வீடொன்றில் தங்கினோம். இரண்டாம் நாள் பெட்டி பற்றவில்லை. உள்ளே பொறி தட்டும் ஓசை சிறிது நேரம் கேட்கும், பின் அடங்கும், செவ்விளக்கு எரியும்.

பாலும் கறியும் கெட்டால் வேறு வாங்கலாம். தமக்கையாரின் இன்சுலின் குப்பிகள் அதனுள் இருந்தன. பிரிக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்தல் வேண்டும். வெயிலில் விட்டாலும் கெடும், உறைந்துபோனாலும் பயன்படாது. பக்கத்து முகாமில் இருந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற மெக்கானிக், குப்பிகளைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். பின்னர்த் தாமே வந்து நின்றார்.

“மாமா, பெட்டியே போய்விட்டது, புதியது ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்” என்றார் மருமகன். தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த தமக்கையார், “துஆவை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி, நீ காரணத்தைப் பார்” என்றார். தவக்குலைப் பற்றி நாம் ஓதிய பாடங்கள் யாவும் அவ்வொரு சொல்லில் அடங்கின.

முதியவர் பெட்டியைத் தொடவில்லை. டிரெய்லர் சமதளத்தில் நிற்கிறதா என்று முதலிற் பார்த்தார். உள்ளிருக்கும் திரவம் தன் எடையாலேயே இறங்கி ஓடுவதால், சாய்வு மிகுந்தால் குளிர் பிறக்காது. அடுத்துச் சமையல் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். அது நீலமாக எரிந்தது. சிலிண்டரில் வாயு உண்டு, குழாயில் காற்று அடைபடவில்லை என்பது தெளிந்தது. பொறியை உண்டாக்கும் பலகைக்கு 12 வோல்ட் வேண்டும். பேட்டரியும் குறைவின்றி இருந்தது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து சுடர் தளர்வதுண்டு என்றார். ஆயினும் முதல் நாள் இதே இடத்தில் எரிந்ததல்லவா?

வாயுவை மூடிவிட்டு, டிரெய்லரின் வெளிப்புறக் கதவைத் திறந்தோம். புகைபோக்கியிலிருந்து உதிர்ந்த துரு பர்னரின்மேல் படிந்திருந்தது. அதன் குழாய்க்குள்ளே வெண்மையாக ஒரு சிலந்தி வலை. கசிவை உணர்த்துவதற்காக வாயுவில் சேர்க்கும் நாற்றப்பொருள் சிலந்திகளை ஈர்க்கிறது என்பர். வீடுகளிலெல்லாம் வலுவற்றது சிலந்தியின் வீடு என்பதை மறையில் ஓதியிருக்கிறோம். தௌர் குகை வாயிலில் அவ்வலை பகைவரைத் திருப்பியதைச் சீறாவில் படித்திருக்கிறோம். இங்கே அது ஒரு நெருப்பையே தடுத்து நின்றது!

மெல்லிய தூரிகையால் வலையையும் துருவையும் நீக்கினோம். வாயு வெளிப்படும் ஜெட்டின் துளை ஊசிமுனையினும் நுண்ணியது. மருமகன் ஊசியை எடுத்தார். முதியவர் கையைப் பிடித்துக்கொண்டார். துளை சிறிது அகன்றாலும் சுடரின் அளவு கெடும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து உலரவிட்டால் போதும் என்றார். பொறி தட்டும் முனையைத் துடைத்து, பர்னரிலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விலகி நிற்கச் செய்தோம். சுடரின் வெப்பத்தை உணர்ந்து வாயுவின் வழியைத் திறந்துவைக்கும் தெர்மோகப்பிளையும் துடைத்தோம். பூட்டியபின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழவில்லை என்று கண்ட பிறகே பொத்தானை அழுத்தினோம். நீலச் சுடர் சீராக நின்றது. உள்ளே குளிர் நிறைய இரவு முழுதும் ஆயிற்று. ஸுபுஹு தொழுகைக்குப் பின் குப்பிகளை மீட்டுக்கொண்டோம்.

அமோனியாவின் நெடி எழுந்திருந்தால் எதையும் தொடாது விலகியிருத்தலே முறை. அது குழாய்களே பழுதானதன் அடையாளம். இங்கு அந்நிலை இல்லை. அமோனியாவும் குழாய்களும் பழுதின்றியே இருந்தன. சுடருக்குச் செல்லும் வழி மட்டுமே அடைபட்டிருந்தது.

மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வோருக்கும் இம்முறை பொருந்தும். தொழுகையில் மனம் பற்றாத ஓர் இளைஞனைக் கண்டால், ‘இவன் ஈமானே போய்விட்டது’ என்று சொல்லிவிடுதல் எளிது. அவன் நிற்கும் தளம் சாய்ந்திருக்கிறதா, அவனுக்குக் கிட்டும் காற்று மெலிந்திருக்கிறதா, எங்கோ நுண்ணியதொரு வலை படர்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கடுஞ்சொல் என்னும் ஊசியால் குத்தித் திறக்க முயல்வோர், துளையைத்தான் கெடுக்கிறார்கள். மெல்லத் துடைத்து வழிவிட்டால் சுடர் தானே எழும்; அதன் குளிர் சிறிது தாமதித்தேனும் வரும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.