ஏறுகிற போல்ட்டெல்லாம் சரியான போல்ட் அல்ல

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் இரும்பு விஷயத்தில் அலட்சியமாக இருக்க முடியாது. பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் அறைக்குள் இரும்பு வெளியே தெரியக்கூடாது என்பது விதி. அங்கே ஓர் ஆணி இரும்பா பித்தளையா என்பதில் உயிர் இருக்கிறது. அதே ஊரின் லாரிப் பட்டறைக்கு வந்தால் மட்டும் சட்டம் மாறிவிடுகிறது. ஓட்டையில் நுழைகிறதா, நட்டு ஏறுகிறதா, போட்டு முறுக்கு, வண்டி கிளம்பட்டும். சரக்கு ஏற்றி ஓடுகிற லாரிக்கு அது சமாளிப்பாக இருக்கலாம். ஆனால் பட்டாளத்து வண்டி ஒன்றை, அது ஜபல்பூரில் செய்த சக்திமானாகட்டும், ஜோங்காவாகட்டும், உலகப் போர்க் காலத்து ஜீப்பாகட்டும், பழைய நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர் இந்தச் சட்டத்தை ஏற்கக் கூடாது. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஊர் ஊராகத் தேடுகிறவர்கள், அவற்றைச் சேஸில் பிடித்து நிறுத்தும் போல்ட், நட்டு, புஷ், பிராக்கெட் எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் ஹார்டுவேர் கடையில் எடை போட்டு வாங்கிவிடுகிறார்கள். தேடலை அந்தச் சில்லறைச் சாமான்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் கடைகளில் போல்ட்டை நூல் கணக்கில் கேட்கிறோம். எட்டு நூல் ஓர் அங்குலம். மூன்று நூல், நாலு நூல் என்றால் தடிமன் தெரிந்துவிடும், மரை தெரியாது. சிக்கல் மரையில்தான் இருக்கிறது. 1841இல் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி. 1864இல் செல்லர்ஸ் முன்மொழிந்து அமெரிக்காவில் நிலைத்த மரைக்கு 60 டிகிரி. மூன்று நூல் போல்ட்டில், பெருமரை என்றால், இரண்டுக்குமே அங்குலத்துக்கு 16 மரை. ஆகவே ஒன்றின் நட்டு மற்றதில் பெரும்பாலும் ஏறிவிடும். ஏறினாலும் மரையின் பக்கங்கள் முழுதாக ஒட்டாது. தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டுமே சுமையைத் தாங்கும். நாலு நூலுக்கு வந்தால் பிரிட்டிஷ் மரை 12, அமெரிக்க மரை 13. அது சண்டித்தனம் செய்யும், ஏறாது. ஏறாத போல்ட்டை நான் மதிக்கிறேன். அது யாரையும் ஏமாற்றுவதில்லை. இன்னும் மோசமான ஜோடி ஒன்று உண்டு: இரண்டரை நூல் போல்ட்டும் எம்8 போல்ட்டும். முன்னதன் தடிமன் 7.94 மில்லிமீட்டர், பின்னது 8. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எம்8இன் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், அங்குலப் பெருமரையில் 1.41. விரலால் திருகினால் ஓரிரு சுற்று போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை 'டைட்டாகிவிட்டது' என்று நம்பி ஸ்பேனர் வைத்து ஒரு இழு இழுத்தால் மரை நசுங்கி, போல்ட் நிற்பதுபோல் நிற்கும்.

இந்தக் குழப்பம் போர்க்களத்திலேயே பெரிய தலைவலியாக இருந்தது. நேச நாடுகளின் படைகள் ஒன்றின் வண்டியை ஒன்று பழுது பார்க்க முடியாமல் தவித்த அனுபவத்தின் விளைவாகத்தான், 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. நம் ராணுவத்தின் கதையோ வேறு திசையில் போனது. போர் முடிந்தபோது அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் வண்டிகள் இங்கே மிஞ்சின. 1959இல் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் ஜெர்மானிய மான் நிறுவனத்தின் உரிமத்தில் சக்திமான் பிறந்தது. பெயரின் வாலிலேயே அந்த 'மான்' இருக்கிறது. அது மெட்ரிக் வண்டி. பிறகு நிசான் பேட்ரோலை மூலமாகக் கொண்ட ஜோங்கா வந்தது. மெட்ரிக்கிலும் ஒரு முடிச்சு உண்டு: பழைய ஜெர்மானிய முறையில் எம்10 போல்ட்டின் தலைக்கு 17ஆம் நம்பர் ஸ்பேனர், ஜப்பானிய கார்களில் பரவலாகக் காணும் எம்10க்கு 14. தலைக்கு ஸ்பேனர் சேர்ந்ததை வைத்து போல்ட்டை அடையாளம் சொல்பவர் இங்கே வழுக்குவார். பிட்ச் கேஜை மரையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி கிடையாது.

'எதற்கு இத்தனை ஆராய்ச்சி, பழையதைவிடக் கெட்டியான ஹைடென்சைல் போல்ட்டாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது' என்பார்கள். பட்டறைகளில் அதிகம் செல்லுபடியாகும் வாதம் இதுதான், அதிகம் கெடுதல் செய்வதும் இதுதான். மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையில் அறும். அதில் 80 விழுக்காடான 640 வரை நீண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். 10.9, 12.9 என்று போகப் போக வலு கூடும், ஆனால் இளகும் குணம் குறையும். அத்தகைய கடின போல்ட்டுக்கு மின்முலாம் பூசி, பிறகு முறையாகச் சூடேற்றாமல் விட்டால், உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் முறுக்கி வைத்த சில நாளில் தானாகவே அறுந்து விழும் ஆபத்தும் உண்டு. பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்கள் எதிர்ப்பக்கம் தவறுகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம் 450 நியூட்டனிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும், 8.8ஐவிடக் கீழே. எல்லாவற்றுக்கும் மேல், மேடு பள்ளத்தில் போவதற்கென்று செய்த லாரியின் சேஸ் முறுகும், முறுக வேண்டும். கேபினையும் பின்பெட்டியையும் அதில் ரப்பரோ ஸ்பிரிங்கோ மரச்சட்டமோ இடையிட்டு உட்கார வைப்பது அதற்காகத்தான். ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு இரும்பு வாஷர் வைத்து, கெட்டி போல்ட்டால் அசையாமல் இறுக்கிவிட்டால், போல்ட் பத்திரமாக இருக்கும். சேஸ் அந்த ஓட்டையின் ஓரத்தில் விரியும். போல்ட்டைப் பத்து நிமிடத்தில் மாற்றலாம். சேஸை?

கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. அச்சு இயந்திரங்களுக்கும் தீப்பெட்டி இயந்திரங்களுக்கும் பாகம் கடைந்து தேர்ந்த கைகள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. பிராக்கெட்டுக்கும் ஸ்பேசருக்கும் புஷ் கூட்டுக்கும் அவர்களிடம் போவதே நல்லது. சுமை தாங்கும் போல்ட்டுக்கு மட்டும் வேண்டாம். தொழிற்சாலை போல்ட்டின் மரை உருட்டி அழுத்தி உருவாவது; இரும்பின் இழை மரையின் வளைவோடு சேர்ந்து ஓடும். லேத்தில் வெட்டிய மரையில் அந்த இழை அறுபடுகிறது, அதிர்வில் விரிசல் அங்கே தொடங்குகிறது. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியில் கடைந்தால் வலுவும் போச்சு. உருட்டு மரை போல்ட்டுக்கு நாம் தூரம் போக வேண்டியதும் இல்லை: 1966இல் சென்னை பாடியில் உற்பத்தி தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸின் ஆலை ஒன்று இதே விருதுநகர் மாவட்டத்து ஆவியூரில் இருக்கிறது. மெட்ரிக் வண்டிக்காரருக்குத் தரமான போல்ட் சந்தையிலேயே கிடைக்கும். தவிப்பெல்லாம் அங்குல மரை வண்டிக்காரருக்குத்தான்.

'யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்' என்பது கடைசி ஆட்சேபம். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். போர்க் காலத்தில் ஃபோர்டு செய்த ஜீப்பின் போல்ட் தலைகளில் 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும்; வில்லிஸ் ஜீப்பில் இருக்காது. அந்த எழுத்துக்காகவே பழைய போல்ட்டைச் சேகரிக்கிறார்கள். எழுத்தோடு புதிதாகச் செய்தும் விற்கிறார்கள், அது வேறு வியாபாரம். ஆனால் இந்திய ராணுவ வண்டியில் இந்தச் சுத்தம் பார்ப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். 1943இல் தனிப் பிரிவாக உருவான ராணுவ மின், இயந்திரப் பொறியாளர் படையின் பணிமனைகளில் வண்டிகள் முழுக்கப் பிரித்துப் பூட்டப்பட்டன. அங்கே மாறிய போல்ட்டும் அந்த வண்டியின் சேவைக்கால வரலாறுதான். மரையும் வலுவும் சரியாக இருந்தால் அதைக் கழற்றி எறிய எனக்கு மனம் வராது. ஏலத்துக்குப் பிறகு நம் சாலையோரத்தில் புகுந்ததைத்தான் களைய வேண்டும். சட்டமும் இதில் லாரிக்குத் துணை நிற்கவில்லை. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும்தான். சரக்கு லாரி அதில் சேராது. ஆக, பட்டாளத்து லாரியின் அசல் தன்மைக்கு உடைமையாளரைத் தவிர வேறு காவல் இல்லை.

ஆகையால், பழைய சக்திமான் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துருப்பிடித்தது என்று முதல் நாளே கேஸ் கட்டர் வைக்காதீர்கள். எண்ணெய் விட்டு, பொறுத்து, கழற்றுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அதன் வாஷர், நட்டு, நைந்த ரப்பரோடு சேர்த்து, எந்த ஓட்டையில் இருந்தது என்று எழுதிக் கட்டி வையுங்கள். வளைந்ததும் அறுந்ததும்கூட வேண்டும். அந்த மூட்டை காயலான் கடைக்குப் போய்விட்டால், சரியான போல்ட் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.