இன்றைக்கு ராத்திரி யார் யார்

என்னிடம் உள்ள சீ.ஆர். கொப்பியில் எல்லாம் பென்சிலில்தான் எழுதியிருக்கிறது. தோட்டத்தின் இரண்டு லயம் (வரிசை வீடுகள்), 24 காம்பரா (அறை), காம்பராவுக்கு ஒரு பக்கம். ஐப்பசி பிறந்து அந்தி மழை கட்ட ஆரம்பித்ததும் குடையும் டோர்ச்சுமாகப் புறப்பட்டுவிடுவேன். இஸ்தோப்பு இஸ்தோப்பாக நின்று ஒரே கேள்விதான் கேட்பேன்: "இன்னைக்கு ராத்திரி இங்க யாரு யாரு படுக்கிறீங்க?" முதல் வருடம் அதற்குச் சிரித்தார்கள். "என்னா தம்பி, எலெக்சன் வருதா?" என்று கேட்ட அக்காவும் உண்டு. இப்போது நான் படியேறும் முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்: "அஞ்சு பேரு. மூத்தவன் கொழும்புக்குப் போயிட்டான், வெட்டிருங்க."

ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் எங்கள் தோட்டத்து அனர்த்தக் குழுவில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். மழை அளப்பது, மண் பிளவு பார்ப்பது, போகும் வழியை வரைவது என்று பயிற்சியில் நிறையச் சொல்லித் தந்தார்கள். இந்தக் கேள்வி மட்டும் பயிற்சியில் கிடைத்ததல்ல. மீரியபெத்தையை நினைத்து நினைத்து நானாகப் பிடித்துக்கொண்டது.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணிபோல கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு கிடந்தது. அன்றைக்கு எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பதுதான். நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு குறைத்தார்கள், மறுபடி மாற்றினார்கள். எந்த இடத்தைத் தோண்டுவது, எத்தனை பேரைத் தேடுவது என்பதற்கு நம்பிப் பிடிக்க ஒரு பட்டியல் இருக்கவில்லை. அந்த வருடத் தீபாவளி 22ஆம் திகதி. கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் வந்து தங்கிப் போகிற வாரம் அது. யார் புறப்பட்டுப் போனார்கள், யார் இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கினார்கள் என்பது பக்கத்துக் காம்பராக்காரருக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்துக் காம்பராவும் மண்ணுக்குள் போய்விட்டது.

தோட்டத்தில் பட்டியலுக்கா பஞ்சம்? செக்ரோல் என்கிற வேலைக் கணக்குப் பதிவேடு இருக்கிறது. நாங்கள் ஒரு நாள் சம்பளத்தையே 'பேர்' என்றுதானே சொல்கிறோம்: முழுப்பேர், அரைப்பேர், "இன்னைக்குப் பேர் விழல." ஆனால் கொழுந்து பறிக்கிற, கான் வெட்டுகிற கைக்குத்தான் அங்கே பேர். வேலையை விட்ட கிழவிக்கு அதில் பேர் கிடையாது, தொட்டில் பிள்ளைக்குக் கிடையாது, டவுனில் வேலை செய்துவிட்டு இரவு லயத்துக்கு வந்து படுப்பவனுக்கும் கிடையாது. வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. வேலை செய்கிறவர்களைக் கணக்கெடுத்த தோட்டம், அங்கே உறங்குகிறவர்களைக் கணக்கெடுக்கவில்லை. மலை இறங்கினால் உறங்குகிறவர்களைத்தான் மூடும். அதனால்தான் என் கொப்பி ராத்திரிக் கணக்கு.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கணக்கு சுலபம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கண் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் மூட்டை கட்டி ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ அங்கே நிற்கக் கூடாது. மழைமானியைக் கோயில் திட்டில் வைத்திருக்கிறேன். அடிக்கிற மழையில் மணிக்கொருமுறை போய்ப் பார்ப்பேன். அதோடு பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, இத்தனை நாள் இல்லாத இடத்தில் ஊற்று கண் திறக்கிறதா, தேயிலை நிரைக்கு நடுவே வெடிப்பு ஓடுகிறதா, கதவு நிலையில் இறுகுகிறதா என்று பார்க்கச் சனங்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். மலையோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் ஏன் வெளியேறுவதில்லை? இதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். "தோட்டத்துச் சனம் சொன்னா கேக்காது" என்று வெளியிலிருந்து வருபவர்கள் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒவ்வொருவரையும் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளாத வெளியேற்றத் திட்டம் வெறும் அம்புக்குறி போட்ட படம்.

கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியிருக்கும். ஒருமுறை 100 தாண்டிய இரவில், எல்லோரும் வெளியே வந்தபின்னும் அவர் மட்டும் வரவில்லை. கையைப் பிடித்தால் உதறுகிறார். "என்னைய விடு சாமி, நான் இங்கயே கெடக்கிறேன்." அன்றைக்குத் தூக்கிக்கொண்டுதான் போனோம். மறுநாள் வெயில் வந்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆறுதலாகக் கேட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைக் காட்டினார். உள்ளே பழஞ்சேலை, அதற்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன், அதற்குள் நாலாக மடித்த பிரஜாவுரிமைக் கடதாசி. மடிப்பு ஓடிய இடமெல்லாம் பிய்ந்து, பின்பக்கம் அரிசிக் கஞ்சியால் ஒட்டியிருந்தது. "இது இல்லாம எங்கப்பா நாடில்லாமச் செத்தாரு. இத விட்டுட்டு எங்க சாமி போறது?"

1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவா இலங்கையா என்று பங்கு பிரிக்கப்பட்டு, மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டத்தால் தீர்வு வந்த சனம் நாங்கள். எங்களுக்குக் கடதாசி உயிருக்குச் சமம். அந்தப் பெட்டி பத்துக் கிலோ இருக்கும். மழை இருட்டில் பாட்டியால் தூக்க முடியாது, எங்களைத் தூக்கச் சொல்லவும் கூச்சம். அந்த வாரமே காம்பராவுக்கு ஒன்றாகத் தடித்த பிளாஸ்டிக் உறை வாங்கினோம். பிரஜாவுரிமைக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எஃப். கடதாசி, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள் போகும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வெளியேறும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த மழைக்கு இஸ்தோப்புக்கு முதலில் வந்து நின்றவர் அந்தப் பாட்டிதான்.

அதற்குப் பிறகு கொப்பியில் இன்னொரு நிரலும் கோடு போட்டேன்: 'பிடித்து வைப்பது.' கன்று போட்ட பசு என்றால், சாவி தேடாமல் கொட்டிலைத் திறந்துவிட ஒரு ஆள். படுக்கையில் இருக்கும் தாத்தா என்றால், கம்பளியில் தூக்க நாலு பேரின் பெயர். குமர்ப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், வெளியேறிப் போய்த் தங்கும் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனி வகுப்பறையும் வெளிச்சமுள்ள கக்கூசும். இது தெரியாமல் ஒரு தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டாள், அவள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. மறுநாள் பேர் போய்விடுமே என்ற பயம் அநேகமாக எல்லாப் பக்கத்திலும் உண்டு. அதற்கு மட்டும் என் கையில் மருந்தில்லை.

எங்கள் கீழ் லயம் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். காம்பராவுக்கு ஒரே வாசல். பின்வரிசைக்காரரின் வாசல் மலைத் திட்டைப் பார்த்திருக்கிறது. அவர்கள் லயத்தின் கோடி வரை நடந்து சுற்றித்தான் வெளியே வர வேண்டும். ஆபத்து வரும் பக்கமே அவர்களுக்கு வழி. அதனால் அவர்களை முதலில் எழுப்புகிறோம். இரண்டு கோடியிலும் டோர்ச்சோடு ஒருவர் நிற்பார். ஓடையோரமாகக் கீழே ஓடுவது சனத்தின் பழக்கம், பாதை அங்கேதானே இருக்கிறது. சரிந்த மண்ணும் அதே ஓடையில்தான் பாயும். ஆகவே ஓடையை விட்டு விலகி, தேயிலைக்குள்ளால் குறுக்கே நடந்து ரோட்டுக்கு ஏறும் வழியைப் பழக்கினோம். அழைப்புக்குக் கோயில் மணிதான், கரண்ட் போனால் ஒலிபெருக்கி பேசாதே. பகலில் செய்த முதல் ஒத்திகைக்கு 40 நிமிடம் பிடித்தது. இரவில், தூறலில், மூன்றாவது தடவை 17 நிமிடம்.

இத்தனையும் ஒரு ராத்திரிக்கான வேலை என்பதையும் சொல்ல வேண்டும். மீரியபெத்தை மக்களுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. போகச் சொன்னார்கள், போய் இருக்கக் காணியும் வீடும் கையில் வரவில்லை. தப்பியவர்கள் பள்ளிக்கூடத்திலும் பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் இரண்டு வருடம்போலக் கிடந்துதான் புது வீட்டைக் கண்டார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் இரவில் மண் இறங்கி லயங்களை நொறுக்கியது. மண்சரிவு அபாயமுள்ள சிவப்பு வலயத்தில் குடியிருப்பவனுக்குப் பத்திரமான இடத்தில் காணி கொடுக்கும்வரை, வருடா வருடம் அவனைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். என் கொப்பி காணிக்கு ஈடாகாது. அதை நான் கூட்டங்களில் சொல்லாமல் விடுவதில்லை.

கொப்பியிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் பழைய டீச்சர், இப்போது ஹல்துமுல்லை டவுனில் இருக்கிறார். "நீயும் அந்த லயத்துக்குக் கீழதானே படுக்கிற? மண்ணு வந்தா கொப்பி எங்க இருக்கும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து கணக்கு முடிந்ததும் 24 பக்கத்தையும் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். படம் போகாத நாளில் மேல்ரோட்டு வளைவுவரை ஏறிப்போய் சிக்னல் பிடித்து அனுப்ப வேண்டும். நேற்று 91 பேர். ஒன்பதாம் காம்பராவில் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளைச் சேர்த்து இன்றைக்கு 92. அவளுக்கு எட்டு மாதம், தேயிலைக்குள்ளால் நடக்கவைக்க முடியாது. நாற்காலியில் வைத்துத் தூக்க நாலு பேரின் பெயர் கேட்டிருக்கிறேன், மூன்று கிடைத்திருக்கிறது.