அறுபது தப்படி பாயுமா நாட்டுத் துப்பாக்கி?

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, 12 ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு நடந்தேன். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் போனால், நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு பெரியவரின் வீடு. "அறுபது தப்படி பாயும் சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். அதைப் பார்க்கத்தானே வந்தேன்!

பரணிலிருந்து எடுத்து வந்தார். ஒற்றைக் குழல், வாய்வழியே கெட்டிக்கிற துப்பாக்கி. கையில் வாங்கினால் எதிர்பார்த்த கனம் இல்லை. குழல் வாயில் என் சுண்டுவிரல் நுனி நுழையவில்லை. லைசென்ஸில் 28 போர் என்றிருந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 28 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை இருக்கும் அகலம், சுமார் 14 மில்லிமீட்டர். போலீஸ் கையில் பார்க்கிற 12 போர் இதைவிடப் பெரிய வாய். எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். ஒடுங்கின குழலுக்கு மருந்தும் ஈயமும் கொஞ்சம் போதும். ஒரு வெடி 15 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது என்றார்.

முதலில் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். கம்பியில் ஒரு கீறல் இருக்கிறது. அது குழல் வாய்க்கு நேராக நின்றால் காலி, மேலே நின்றால் ஏற்கெனவே கெட்டித்திருக்கிறது. பிறகு ஒரு மூடி கருமருந்து, தேங்காய் நார், அதே மூடி அளவு ஈயச் சில்லு, மறுபடி நார். இடித்து முடித்துக் கேப்பு மாட்ட இரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை கொல்லையில் மேய வந்த எந்தப் பன்றி நிற்கும்?

பலாப் பலகையில் செய்தித்தாளின் ஒரு பக்கத்தை ஒட்டி, இருபது தப்படியில் சுட்டார். வெள்ளைப் புகை மூடிக்கொண்டது, அழுகின முட்டை வாடை. தாளில் ஐம்பதுக்கு மேல் ஓட்டை. நாற்பது தப்படியில் ஒன்பதுதான். அதிலும் பாதிச் சில்லு பலகையில் சரியாகப் புதையக்கூட இல்லை. அறுபதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆயுதச் சட்டம், 1959, பயிர்க்காவலுக்கு என்று இந்த வகைத் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அனுமதி இல்லாமல் பன்றியைக் கொன்றால் வனவிலங்குச் சட்டம், 1972, பிடித்துக்கொள்ளும். அதனால் ராத்திரி அவர் கெட்டிப்பது மருந்தும் நாரும் மட்டுமே. சத்தம் ஒன்றுதான் வேலை. அந்தச் சத்தத்தை நானே கேட்டேன்: புளியமரத்துக் காக்கை ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்துவிட்டது. அவர் நாய் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவினார். மை போலக் கறுப்பாக வந்தது. அப்படியே விட்டால் கரி ஈரத்தை இழுத்துத் துருவேற்றிவிடுமாம். துடைத்து நல்லெண்ணெய் தடவினார்.

"தேர்தல் வந்தா இதை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். அது திரும்பி வர்ற வரைக்கும் பன்னிக்குக் கொண்டாட்டம்தான் சார்."