மறுத்த வேடங்கள்

நடிகர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவர்கள் ஏற்ற வேடங்களைவிட ஏற்க மறுத்தவற்றைத்தான் நான் அதிகம் தேடுவேன். தங்களை யாரென்று அவர்கள் எண்ணியிருந்தார்கள் என்பது அங்கேதான் துலங்கும். ரீட்டா மொரேனோ என் மனத்துக்கு நெருக்கமானவராக ஆனதும் அப்படித்தான்.

1931இல் போர்ட்டோ ரிக்கோவில் ரோசா டோலோரஸ் அல்வெரியோவாகப் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் அம்மாவோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். தம்பி தீவிலேயே இருந்துவிட்டான். போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். சட்டப்படி அந்தச் சிறுமி சொந்த நாட்டுக்குள்தான் இடம் மாறினாள். ஆனாலும் அந்த ஊருக்கு அவள் வேற்றாள்தான்.

ஹாலிவுட்டுக்கும் அப்படியே. எம்.ஜி.எம். நிறுவனத்தில் அவர் பெயர் ரீட்டாவானது. தஹிதித் தீவுப் பெண், அமெரிக்கப் பழங்குடிப் பெண், 1956இல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் பர்மியப் பெண் என்று, வெள்ளையரல்லாத பெண் எவளாக இருந்தாலும் அவரை அழைத்தார்கள். தானே ஓர் உச்சரிப்பை உண்டாக்கிக்கொண்டு அவர்கள் எல்லோருக்கும் அதையே பேசியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் உண்மையில் எப்படிப் பேசுவார்கள் என்று விசாரிக்கும் அக்கறை அந்தப் படங்களுக்கு இருக்கவில்லை.

1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' வந்தது. போர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றிய கதை. ஆனால் நாயகி மரியாவாக நடித்தவர் ரஷ்யக் குடும்பத்துப் பெண்ணான நடாலி வுட். மரியாவின் அண்ணன் பெர்னார்டோவாக நடித்தவர் கிரேக்க வம்சாவளியினரான ஜார்ஜ் சாகிரிஸ். அந்தத் தீவிலேயே பிறந்த ரீட்டாவுக்கும் மற்றவர்களோடு சேர்த்து ஒரே பழுப்புப் பூச்சைப் பூசினார்கள். எங்கள் மக்கள் பல நிறத்தவர் என்று அவர் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. சொந்த இனத்தைச் சேர்ந்த பெண்ணாக நடிக்க, சொந்த நிறம் போதவில்லை. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இருந்தும் அவர் ஏற்ற அனிதா பாத்திரம் தலை நிமிர்ந்து நின்றது. தன்மானமும் துணிவும் உள்ள அந்தப் பெண்ணையே தனக்கு முன்மாதிரியாகக் கொண்டதாக ரீட்டா சொல்லியிருக்கிறார். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. நடிப்புக்காக அவ்விருதைப் பெற்ற முதல் லத்தீனோ பெண் அவர்தான். பிறகு வந்தவையோ அதே மாதிரியான சிறு வேடங்கள், தெருக்கும்பல் கதைகள். அவர் மறுத்தார். அடுத்த சில ஆண்டுகள் திரைப்படங்களில் அவரை அரிதாகவே பார்க்க முடிந்தது. முப்பதுகளில் இருந்த ஒரு நடிகைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! நாடக மேடையும் தொலைக்காட்சியும் கைகொடுத்ததால் தாக்குப்பிடித்தார். 1977க்குள் கிராமி, டோனி, எம்மி விருதுகளும் அவரிடம் வந்து சேர்ந்தன.

2021இல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யைத் திரும்ப எடுத்தார். போர்ட்டோ ரிக்கோ பாத்திரங்களை லத்தீனோ வம்சாவளியினரே ஏற்றார்கள். ஸ்பானிய வசனங்களுக்குத் துணைத்தலைப்பு போடவில்லை. அம்மொழி அமெரிக்காவின் மொழிகளில் ஒன்றாகவே ஒலித்தது. ரீட்டா கடைக்காரப் பெண் வாலன்டீனாவாக வந்தார். படத்தின் தயாரிப்பிலும் பங்கு வகித்தார்.

அனிதாவைக் கடைக்குள் இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு வன்முறையில் இறங்கும் காட்சி இரண்டு படங்களிலும் உண்டு. முதல் படத்தில் அதில் நடித்தபோது பழைய காயங்களெல்லாம் கிளறப்பட்டு ரீட்டா உடைந்து அழுதிருக்கிறார். புதிய படத்தில் அதே காட்சிக்குள் வாலன்டீனாவாக நுழைந்து, அந்த இளைஞர்களை அதட்டி விரட்டுகிறார். தான் ஒருகாலத்தில் ஏற்ற பெண்ணைத் தானே காப்பாற்றுகிறார்! அமெரிக்காவில் படம் வெளியான மறுநாள் அவருக்குத் தொண்ணூறு வயது நிறைந்தது. அனிதாவாக நடித்த அரியானா டிபோஸுக்கு அடுத்த ஆண்டு ஆஸ்கர் கிடைத்தது.

ரீட்டாவின் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் மேடையும் தொலைக்காட்சியும் கைகொடுக்காத எத்தனையோ பேர் வாடகை கட்டுவதற்காக அதே வேடங்களை ஏற்றிருப்பார்கள்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தன்மானத்தைக் காக்க ஒரு கலைஞர் தன் நல்ல வயதை விலையாகக் கொடுக்கும் நிலையே இருக்கக் கூடாது. நல்ல வேடங்கள் பெருகினால்தான் அந்த நிலை மாறும். அவற்றை எழுதுகிறவர்களுக்கும் பணம் போடுகிறவர்களுக்கும் அந்தக் கடமை இருக்கிறது. பார்க்கிற நமக்கும் அதில் பங்கு உண்டு.