இரண்டு ஏக்கரும் புரோட்டான் கதிரும்

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அவர். வயது 63. நாற்பது வருடப் பீடிப் பழக்கம். புரட்டாசியில் தொடங்கிய இருமல் பொங்கல் தாண்டியும் நிற்கவில்லை. கடையில் வாங்கிய சளி மருந்திலேயே மூன்று மாதம் வீணாகப் போயிற்று. பயாப்சியில் நுரையீரல் புற்றுநோய் என்று வந்தது, மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துத் தர வேண்டும் என்றார்கள்.

சென்னையில் 2019-லேயே புரோட்டான் சிகிச்சை வந்துவிட்டது என்று யாரோ மகனிடம் சொன்னார்கள். செய்தி உண்மைதான். செலவு பல லட்சம். மறுவாரமே மகன் ஒரு ஏக்கருக்குக் கிரயம் பேச ஆள் கூட்டி வந்தார். பெரியவர் வாய் திறக்கவில்லை. வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மருமகள்தான், "அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னால டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க" என்றார். நிலத்தை விலை பேசுமுன் இப்படிக் கேட்பவர்கள் நம்மில் குறைவு.

மருத்துவர் வாய்க்காலையே உதாரணம் காட்டினார். எக்ஸ்ரே கதிர் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. வழியெல்லாம் நனைத்து, கட்டியைத் தாண்டியும் ஓடும். புரோட்டான், குழாயில் கொண்டுபோய்க் குறித்த பாத்தியில் திறந்துவிடுவது போல. வழியில் கொஞ்சம் கசியும். பெரும்பங்கைக் கட்டியில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். பின்னாலிருக்கும் இதயமோ தண்டுவடமோ தப்பிக்கும்.

"அப்ப அதுதானுங்களே நல்லது?" என்றார் மகன்.

"நுரையீரல் மூச்சுக்கு மூச்சு அசையுதே! உள்ளே காத்து வேற. களிமண்ணுலயும் மணல்லயும் தண்ணி ஒரே தூரமா ஓடும்? கட்டி சுருங்கினாலும், நீர் கோத்தாலும் புரோட்டான் நிக்கிற இடம் மாறிப்போகும்."

அதற்காகவே மூச்சின் அசைவோடு ஸ்கேன் எடுத்து, நடுநடுவே கணக்கைத் திருத்துகிறார்கள். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டும், நுரையீரல் அழற்சியைத் தடுப்பதிலோ கட்டி திரும்பாமல் காப்பதிலோ புரோட்டான் மேல் என்று நிரூபணமாகவில்லை. ஏற்கெனவே கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி கட்டி வந்தவர்களுக்கும், இதயத்தை ஒட்டிக் கட்டி உள்ளவர்களுக்கும் அது கைகொடுக்கலாம். பெரியவருக்கு அப்படி இல்லை.

கிரயப் பேச்சு நின்றது. காப்பீட்டு அட்டையிலேயே, கோவையில், வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வழக்கமான கதிர்வீச்சு நடந்தது. மூன்றாம் வாரம் சோறு இறங்கவில்லை, கம்பங்கூழும் மோரும்தான். பீடியை முதல் நாளே விட்டுவிட்டதாகப் பெரியவர் சொல்கிறார். பேரன் மட்டும் இரண்டாம் நாள் என்கிறான்.

அடுத்த ஸ்கேன் ஆடியில். விற்காமல் நின்ற அந்த ஏக்கரில் மஞ்சளுக்கு உழவு ஓட்டியாயிற்று.