சித்தன்னவாசலில் ஒரு பகல்

மலைக்குப் போவதென்றால் உதகமண்டலமும் கொடைக்கானலும்தான் என்று எண்ணுவோர் பலர். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், பஸ் கட்டணத்துக்குள் அடங்கிவிடும் ஓர் அற்புதம் உண்டு. சென்ற விடுமுறையில் மனைவி மக்களுடன், புளியஞ்சாத மூட்டையும் தண்ணீர்க் கூஜாவுமாகப் பஸ் ஏறிச் சித்தன்னவாசல் சென்றேன்.

அறிவர் கோயில் விதானத்தில் தாமரைத் தடாகம். மீனும் யானையும் எருமையும் அதில் களிக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டு வர்ணங்கள் மிகவும் மங்கிவிட்டன. ஆயினும் மலர் கொய்யும் வாலிபனை என் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு குன்றேறி, பாறையில் வெட்டிய படிகளைக் கடந்து ஏழடிப்பட்டத்தை அடைந்தோம். குகையினுள்ளே சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள்! ஒன்றில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்துக்கள். இன்னாருக்காக இன்னார் செய்த ஆசனம் என்பதே அதன் செய்தி. வெளிப்பாறையிலோ இக்காலத்தார் சிலர் தங்கள் பெயர்களைக் கீறியிருந்தார்கள்.

"அப்பா, இவர்கள் யாருக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டான் பையன்.

பிறருக்கு ஓர் இடம் சமைத்துக் கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்பது நியாயமே. மற்றவர்கள், புறப்படும்போது ஆணியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நலம்.