சந்தியாகப்பர் திருநகரை நாடி

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குச் சற்று உள்ளே, சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் திருநகர் அமைந்துள்ளது. செபதேயுவின் மகனாகிய அப்போஸ்தலர் புனித யாகப்பரின் கல்லறை அங்கு உள்ளது என்பது ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் மரபு. 'புனித யாகப்பர்' என்பதன் ஸ்பானிய வடிவமே 'சந்தியாகோ'. போர்த்துக்கீசிய மறைபரப்பாளர் வழியாக நம் கடற்கரைகளை வந்தடைந்த அப்பெயர், நம் முன்னோர் நாவில் 'சந்தியாகப்பர்' என்றாயிற்று.

எங்கள் தாயார் பிறந்து வளர்ந்த கடலோரச் சிற்றூரின் பாதுகாவலரும் அவரே. ஆண்டுதோறும் ஜூலை 25ஆம் நாள் அங்கே திருநாள். பாடற்பூசைக்குப் பின் ஊரார் அனைவருக்கும் அசனம். எங்கள் தாயார் பந்தியில் பரிமாறுவார். தாம் எல்லாருக்கும் பின்னரே உண்பார். "கடைசி ஆள் வந்து கை நனைக்கும்வரை பந்தி முடியாது" என்பது அவர் வாய்மொழி. சந்தியாகப்பரின் கல்லறையை ஒருமுறையேனும் தரிசிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாள் இருந்தது. அது நிறைவேறாமலே 2022ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் மக்களாகிய நாங்கள் இருவரும், அண்ணனும் தம்பியுமாக, அவர் பெயரால் அந்த யாத்திரையை மிதிவண்டியில் மேற்கொள்ள உறுதிபூண்டோம்.

ஐரோப்பாவில் கண்டம் முழுவதையும் இணைக்கும் மிதிவண்டிப் பாதைகள் பல வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 'யாத்திரிகர் பாதை'. நார்வே நாட்டின் திரோன்ஹைம் நகரில், அரசரான புனித ஓலாவ் அடக்கம் செய்யப்பட்ட நிடாரோஸ் பேராலயத்தருகே தொடங்கி, ஏழு நாடுகளைக் கடந்து, 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, சந்தியாகோவில் அது முடிகிறது. 2024ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறுநாள், நாங்கள் புறப்பட்டோம். ஜூலை 25 திருநாளன்று கல்லறையின் முன் முழந்தாளிட வேண்டும் என்பதே எங்கள் கணக்கு.

நார்வேயின் மலைகளில் பனி முற்றும் உருகியிருக்கவில்லை. சுவீடனிலிருந்து கப்பலேறி டென்மார்க்கை அடைந்தோம். ஜெர்மனி, பெல்ஜியம் நாடுகளின் வழியாகப் பாரிஸ் சேர்ந்தோம். அங்கே யாகப்பர் ஆலயம் ஒன்று பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டு, அதன் கோபுரம் மட்டும் நகர் நடுவே தனித்து நிற்கிறது. முற்காலத்து யாத்திரிகர் அதனருகிருந்தே ஸ்பெயின் நோக்கி நடப்பார்கள். நாங்களும் அதனை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்தபோது எங்கள் கால்களில் சிறு நோவும் இல்லை. மனத்திலோ சிறிது பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்தப் பெருமையை அடக்கியது மலையன்று, சமவெளியே. பூர்கோஸ் நகருக்கும் லெயோன் நகருக்கும் இடையில் கோதுமை வயல்கள் மரநிழலின்றி நாள்கணக்கில் நீள்கின்றன. எதிர்க்காற்றில் மிதித்து மிதித்து மூத்தவரின் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நெடிய மரக்கம்பத்தின் உச்சியில் சிறிய இரும்புச் சிலுவை ஒன்று நிற்கிறது. யாத்திரிகர் தத்தம் ஊரிலிருந்து கொணரும் கல்லை அதனடியில் வைத்துச் செபிப்பது வழக்கம். தாயார் வீட்டு முற்றத்திலிருந்து எடுத்துவந்த கல்லை வைக்கக் குனிந்த மூத்தவரால் உடனே நிமிர முடியவில்லை. அப்போதுதான் இளையவருக்கு உண்மை தெரிந்தது.

அங்கிருந்து செங்குத்தான இறக்கம். அவ்விறக்கத்தில் உயிர்நீத்த மிதிவண்டி யாத்திரிகர் ஒருவருக்காக, எல் அசேபோ என்னும் சிற்றூரின் எல்லையில் மிதிவண்டி வடிவிலேயே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு கணம் நின்று அவர் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடிவிட்டு, தடையை அழுத்திப் பிடித்தபடி போன்பெராதா நகரை அடைந்தோம். அன்று ஜூலை 22. முழங்காலைச் சோதித்த மருத்துவர், இனி மேட்டில் மிதிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விதியை விளக்கவேண்டும். யாத்திரையை நிறைவு செய்தோருக்குச் சந்தியாகோவில் 'கொம்போஸ்தெலா' என்னும் இலத்தீன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நடந்து வருவோர் 100 கிலோமீட்டரும், மிதிவண்டியில் வருவோர் இறுதி 200 கிலோமீட்டரும் இடையில் வேறு வாகனம் ஏறாமல் வந்திருக்கவேண்டும். போன்பெராதாவிலிருந்து சந்தியாகோவுக்கு மீதமுள்ள தொலைவு ஏறக்குறைய அந்த 200 கிலோமீட்டரே! முன்னர்க் கடந்துவந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மூத்தவர் பேருந்து ஏறினால் அவருக்குச் சான்றிதழ் இல்லை. யாத்திரை செய்ய இயலாத நோயாளருக்காகவோ, இறந்தோருக்காகவோ வருபவர், அவர்களுக்குப் பதிலாக வந்ததாகச் சான்றிதழில் பெயர் எழுதிப் பெறலாம். தாயாரின் பெயரை அவ்வாறு எழுதிப் பெறுவது மூத்த மகனின் கடமை என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்தோம்.

மறுநாள் மெல்ல மிதித்து வில்லாபிராங்கா என்னும் ஊரை அடைந்தோம். அங்குள்ள பழைமையான யாகப்பர் ஆலயத்தின் வடக்கு வாயிலுக்கு 'மன்னிப்பின் வாயில்' என்று பெயர். நோயால் மேலே செல்ல இயலாத யாத்திரிகர் அவ்வாயிலை அடைந்தாலே, சந்தியாகோவை அடைந்தவர்க்குரிய ஞானப்பலன் அவர்களுக்குக் கிடைக்கும் என்பது முற்காலச் சலுகை. திருநாள் ஞாயிறன்று வரும் புனித ஆண்டுகளில் மட்டுமே அது திறக்கப்படும். நாங்கள் சென்றபோது மூடியிருந்தது. மூடிய கதவின் படியில் இருவரும் அமர்ந்தோம்.

"தம்பி, எனக்கு இந்த வாயிலே போதும். நீ மட்டும் போ. வேகமாக மிதித்தால் திருநாளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாய். அம்மாவின் பெயரை நீயே எழுதிக்கொள். நான் பேருந்தில் வந்து சேர்கிறேன்" என்றார் மூத்தவர்.

இளையவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு, "அண்ணா, அம்மா பரிமாறிய பந்தியில் யாரையாவது விட்டுவிட்டு இலை எடுத்ததுண்டா?" என்று கேட்டார். அதற்கு மூத்தவரிடம் மறுமொழி இல்லை. மேடுகளில் இறங்கி வண்டியைத் தள்ளுவது, சமதரையில் மெல்ல மிதிப்பது, இறக்கத்தில் உருளவிடுவது என்று முடிவாயிற்று. திருநாள் தவறிவிடும், வாங்கிவைத்த விமானச் சீட்டுகள் வீணாகும், இளையவரின் விடுமுறையும் கடந்துவிடும். அனைத்தையும் அறிந்தே எழுந்தோம்.

ஜூலை 25ஆம் நாள் மாலை, சந்தியாகோவுக்குப் பதிலாக, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் மேகத்துள் மறைந்திருக்கும் ஓ செப்ரேய்ரோ என்னும் மலைச் சிற்றூரை அடைந்தோம். வட்டமான கல் வீடுகள், வைக்கோல் கூரைகள், எளிய கற்கோயில். புயலோடு போராடித் தனியாகப் பூசைக்கு வந்த குடியானவர் ஒருவரை ஐயமுற்ற குருவானவர் ஒருவர் ஏளனமாக எண்ணியபோது, அவர் கையிலிருந்த அப்பம் சதையாகவும், இரசம் இரத்தமாகவும் மாறின என்பது அவ்வூரின் பழைய மரபு. அந்தத் திருக்கிண்ணம் இன்றும் அங்கே காக்கப்படுகிறது. அவ்வூரின் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வாலிஞ்ஞா அடிகளார்தாம், 1984ஆம் ஆண்டில், மறக்கப்பட்டுக்கிடந்த யாத்திரைப் பாதை நெடுகிலும் மஞ்சள் அம்புக்குறிகளைத் தீட்டி மக்களுக்கு வழிகாட்டியவர். 1989ஆம் ஆண்டில் அவர் மறைந்தார், அம்புக்குறிகள் மறையவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கொம்போஸ்தெலா சான்றிதழ் பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நடந்தே வந்தவர்கள்.

வேகமாகச் சென்றபோது மிதிவண்டிக்காரர்களாகிய நாங்கள் நடப்போரை மணியடித்து விலக்கிச் சென்றவர்கள். இப்போது அவர்களோடு அவர்கள் நடையிலேயே சென்றோம். ஓக் மரச் சோலைகளில் முதியவர்கள் எங்கள் வண்டியைப் பின்னின்று தள்ளிக் கொடுத்தார்கள். பெயரும் மொழியும் அறியாத அவர்களோடு உணவைப் பகிர்ந்துகொண்டோம். அறுபது நாள்களுக்கும் மேலாக நாங்கள் கடந்தது ஒரு கண்டம். அந்த ஒரு வாரத்தில்தான் மனிதரைக் கண்டோம்.

ஜூலை 29, திங்கட்கிழமை. 'மகிழ்ச்சிக் குன்று' எனப்படும் மோந்தே தோ கோசோவை அடைந்தோம். பேராலயத்தின் கோபுரங்கள் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிவது இங்கிருந்துதான். 1989ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் உலக இளைஞரைச் சந்தித்த இடமும் இதுவே. அங்கிருந்து இறங்கி, ஒப்ரதோய்ரோ சதுக்கத்தில் இருவரும் ஒருசேரக் கால்வைத்தோம். திருநாள் கூட்டம் கலைந்திருந்தது. எட்டுப் பேர் கயிறு பிடித்து ஆட்டும் 53 கிலோ எடையுள்ள புகழ்பெற்ற தூபக்கலசமும் அன்று ஆடவில்லை.

நண்பகல் யாத்திரிகர் பூசையில் அமர்ந்தபோதுதான், அன்று யாருடைய நினைவுநாள் என்பதை உணர்ந்தோம். மார்த்தா, மரியா, இலாசர் என்னும் உடன்பிறப்புகளின் நாள் அது! 2021ஆம் ஆண்டு முதல் மூவரையும் சேர்த்தே திருச்சபை நினைவுகூர்கிறது. இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள் ஆனபின் அன்றோ ஆண்டவர் பெத்தானியா வந்தார்? திருநாள் கடந்து நான்காம் நாளில் வந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலந்தாழ்ந்த வருகை வீணான வருகையன்று என்பதை அந்நாளே எங்களுக்குச் சொல்லிற்று.

பின்னர்ப் பீடத்தின் பின்புறம் படியேறி அப்போஸ்தலரின் சுரூபத்தைத் தழுவினோம். கீழே இறங்கி வெள்ளிப் பேழையின் முன் முழந்தாளிட்டோம். வீங்கிய காலை மடக்க இயலாமல், மூத்தவர் தம்பியின் தோளைப் பற்றியே முழந்தாளிட்டார்.

யாத்திரிகர் அலுவலகத்தில் முத்திரைகள் நிறைந்த எங்கள் அட்டைகளைக் கவனமாகப் பார்த்தார்கள். யார் பெயர் எழுதவேண்டும் என்று கேட்டபோது, மூத்தவர் தாயாரின் பெயரைச் சொன்னார். இலத்தீன் எழுத்துகளுக்கு நடுவே அப்பெயர் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இன்று அச்சான்றிதழ் எங்கள் குடும்பச் செபமாடத்தில், தாயாரின் படத்தருகே இருக்கிறது. அதில் வந்துசேர்ந்த நாள் உண்டு. திருநாளுக்குப் பிந்தியது என்ற குறிப்பு இல்லை. எங்கள் வீட்டிலும், அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும், பின்தங்கி வருகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் வந்து கை நனைக்கும்வரை பந்தி முடிவதில்லை.